தம்பிக்குக் கேமிங் கம்ப்யூட்டர்: வாசகர் கேட்டதும் நாம் சொன்னதும்

பரீட்சை முடிகிற சீசன் வந்தாலே நமக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான், கையில் இவ்வளவுதான் இருக்கிறது, என்ன வாங்குவது? அதனால் இந்தத் தடவை பிரிண்டர் மை, வைஃபை கேள்விகளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணே, எனக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். தம்பி பிளஸ் டூ எழுதியிருக்கிறான். பத்தாவதிலிருந்தே கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருக்கிறான். அப்பா விசைப்படகில் போகிறவர், தடைக்காலம் வந்துவிட்டால் வீட்டில் காசு புரளாது, அதனால் நான்தான் வாங்கித் தர வேண்டும். 55,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அவனுக்குத் தெரியாமல் வாங்கி வீட்டில் இறக்கிவிட ஆசை. ஆன்லைனில் ஒரு செட் பார்த்தேன்: 'ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ், கலர் லைட் ஃபேன் நான்கு, 22 இன்ச் மானிட்டரோடு 27,999'. பாதிக் காசில் முடிகிறதே, வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்த விளம்பரத்தை இன்னொரு தடவை படித்துப் பார், ஐ7 என்று இருக்கிறதே தவிர எத்தனையாவது ஜெனரேஷன் என்று இருக்காது. மாட்டுச் சந்தையில் பல்லைக் காட்டாமல் மாட்டை விற்கிற கதைதான். மானிட்டரோடு இந்த விலைக்கு வரும் ஐ7 பெரும்பாலும் 2011ல் வந்த 2600, இல்லையென்றால் 2013ல் வந்த 4770. ஏதோ ஒரு ஆபீஸில் பத்து வருஷம் உழைத்துக் கழித்துப்போட்டதை எடுத்து, புதுக் கண்ணாடிக் கேபினெட்டில் மாட்டி, நாலு லைட் ஃபேனை வைத்து 'கேமிங்' என்று பெயர் சூட்டுகிறார்கள். அந்தப் பழைய பிராசசர்களுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, இன்டெலில் 8ஆம் ஜெனரேஷனிலிருந்துதான். விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறோம் என்பார்கள், ஏறும்தான், ஆனால் உன் தம்பி வாலரண்ட் ஆடுகிறவனாக இருந்தால் அந்த கேம் விண்டோஸ் 11ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் உள்ளேயே விடாது. பரிசைப் பிரித்த அன்றைக்கே பையன் முகம் சுண்டிப்போகும்.

அடுத்தது அந்தத் 'தெரியாமல்' வாங்குகிற ஆசை. உன் மனசு புரிகிறது, ஆனால் அளவெடுக்காமல் சட்டை தைத்துக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். கேமிங் என்பது ஒரே சாமான் இல்லை. மைன்கிராஃப்டும் வாலரண்டும் ஆடுகிறவனுக்குத் தேவையான கம்ப்யூட்டர் வேறு, புதுசாக வருகிற பெரிய கேம்களை ஃபுல் செட்டிங்கில் ஆட நினைக்கிறவனுக்கு வேறு, இரண்டுக்கும் நடுவே ஒரு பைக் விலை வித்தியாசம் இருக்கிறது. அவனிடம் நேரடியாகக் கேட்க மனமில்லையென்றால் அவன் கூட்டாளியிடம் கேள். அதுவும் முடியாதென்றால் வீட்டுக்குப் போகும்போது அவன் யூடியூபில் எந்த கேம் வீடியோவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான் என்று கவனி, அதில் பாதி பதில் இருக்கும். செல்லில் ஃப்ரீ ஃபயர் ஆடுவதை வைத்து முடிவு கட்டாதே, செல்லில் அதுதான் ஓடும் என்பதால் ஆடுகிறான். என்னைக் கேட்டால் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டு அவனையும் கூட்டிக்கொண்டு போய் வாங்குவதுதான் நல்லது. ஒவ்வொரு பாகமாக எடுத்துப் பார்த்து மாட்டுகிற அந்த ஒரு நாள் சந்தோஷத்தை ஏன் அவனிடமிருந்து பிடுங்க வேண்டும்?

சரி, சாமானுக்கு வருவோம். வாலரண்ட், மைன்கிராஃப்ட், ஜி.டி.ஏ. 5, இந்த ரகம்தான் அவன் ஆடப்போகிறான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உன் காசுக்கு இப்போது தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி என்று ஒரு பிராசசர், 2021ல் வந்தது, 6 கோர். அந்தக் கடைசி 'ஜி'தான் முக்கியம், கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. வாலரண்டைச் சுகமாக ஓட்டும். ஜி.டி.ஏ. 5ஐ செட்டிங் குறைத்து வைத்தால் பழுதில்லாமல் ஆடலாம். பழைய சரக்குதானே என்று யாராவது முகம் சுளித்தால் காதில் வாங்காதே. புதுசாக வரும் ஏஎம்5 ரக மதர்போர்டுக்குப் போனால் டிடிஆர்5 என்கிற புது ரக ராம் கட்டாயம், 2025 கடைசியிலிருந்து ராம் விலை போன போக்கு, வஞ்சிரம் விலை தேவலை என்று ஆகிவிட்டது. 5600ஜிக்குப் பழைய ரகமான டிடிஆர்4 போதும். அதுவும் ஏறித்தான் இருக்கிறது, இருந்தாலும் அந்த அளவுக்கு இல்லை.

இங்கே ஒரு இடத்தில் கடைக்காரர்கள் கவுத்துவிடுவார்கள், கவனமாகக் கேள். ராம் 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காதே, 8 ஜிபி இரண்டு வாங்கு. தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராபிக்ஸுக்குத் தனியாக மெமரி கிடையாது, இந்த ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒரு குச்சி என்றால் ஒரு வழிப்பாதை, இரண்டு என்றால் இரு வழி, தகவல் போய்வருகிற அகலம் இரட்டிப்பாகிறது. அதே பிராசசர், அதே கேம், ஒரு குச்சியில் திக்கித் திக்கி ஓடும், இரண்டில் வழுக்கிக்கொண்டு போகும். 'அப்புறம் இன்னொன்று போட்டுக்கலாம் சார்' என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது. போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் இரண்டாவதும் நாலாவதுமாக மாட்டச் சொல்.

போர்டு பி550 ரகம் எடுத்தால் நாளைக்கு அவன் சம்பாதிக்கும்போது ஒரு கிராபிக்ஸ் கார்டை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். எஸ்எஸ்டி 512 ஜிபி, என்.வி.எம்.இ. என்கிற வேகமான ரகம் போதும். நிறையாது என்று சொல்ல மாட்டேன், ஜி.டி.ஏ. 5 மட்டுமே 100 ஜிபிக்கு மேல் விழுங்கும், ஆடி முடித்ததை அழிக்கப் பழகிக்கொள்ளட்டும். மானிட்டருக்கு ஏழெட்டாயிரம் ஒதுக்கு, 100 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதாகப் பார். கேபினெட் அழகுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே.

கொடுக்க வேண்டிய இடம் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி. கேபினெட்டோடு இலவசமாக வருகிறதே அதை அப்படியே கழற்றிக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு, 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள 550 வாட் ஒன்று தனியாக வாங்கு. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், இலவச டப்பா வெறும் தகரமாகக் கனமே இல்லாமல் இருக்கும். வெளியே 500 வாட் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பான், உள்ளே சாமான் இருக்காது. என் அக்கா மகனுக்கு நானே ஒரு தடவை, காசை மிச்சம் பிடிக்கலாம் என்று, அந்த டப்பாவையே விட்டு மாட்டிக் கொடுத்தேன். ஒன்பதாம் மாதம் மழையோடு கரண்ட் போய்ப்போய் வந்த ஒரு ராத்திரியில் 'டப்' என்று ஒரு சத்தம், போர்டையும் சேர்த்துக்கொண்டு போனது. 22 வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் செய்கிற வேலையா அது? அக்கா இன்றைக்கும் விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் அதை எடுத்துச் சொல்லிச் சிரிக்கிறது.

இப்போது தங்கச்சிமடம் என்றதால் சொல்ல வேண்டியது, உப்புக்காற்று. திருப்பூரிலும் மதுரையிலும் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாது. வடக்கே ஒரு கடல் தெற்கே ஒரு கடல், நடுவில் உங்கள் ஊர். 1914ல் கட்டிய பாம்பன் பாலத்துக்கு வருஷம் பூராவும் துரு சுரண்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் போட்டார்கள். ரயில்வே பாலத்துக்கே அந்தக் கதி என்றால் கம்ப்யூட்டர் திருகாணி எம்மாத்திரம்?

போன ஐப்பசியில் பாம்பனிலிருந்து ஒரு பையன் செட்டைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். வாங்கிப் பதினாலு மாதம். ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் எதுவும் வரவில்லை. பக்கப் பலகையின் திருகாணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்ததும் தலை மாவாக உதிர்ந்தது. குறடு போட்டுத்தான் கழற்றினேன். பின்பக்கத் தகடு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பழுப்பு. ராமை உருவிப் பார்த்தால் அந்த மஞ்சள் பல் வரிசையில் நாலைந்து பல்லில் பச்சைப் பூச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினேன், எழுந்துகொண்டது. காசு வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தான். விசாரித்தால், தென்கடல் பார்த்த ஜன்னலை ஒட்டி மேசை, பரீட்சைக்கு ஒரு மாதம் ஆட விடாமல் அம்மா பிளாஸ்டிக் தாளைப் போட்டு இறுக்கி மூடி வைத்திருக்கிறார்.

மூடி வைத்ததுதான் தப்பு. காற்றில் வருகிற உப்பு எப்படியும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், தனியாக அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஈரத்தை இழுத்துக் குடித்த பிறகுதான் செம்பையும் தகரத்தையும் அரிக்கத் தொடங்கும். கம்ப்யூட்டர் தினமும் ஓடினால் உள்ளே இருக்கும் சூட்டில் ஈரம் தங்காது. அதனால் பரீட்சை சமயத்தில்கூட ஒரு அரை மணி நேரம் ஓடட்டும், பாட்டு கேட்கட்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்கு ஜன்னல் பக்கமும், வாடை அடிக்கும்போது வடக்குப் பக்கமும் வேண்டாம், உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஒரு அடி தூக்கி வை. மூடத்தான் வேண்டும் என்றால் அணைத்துச் சூடு ஆறியபின் பருத்தித் துணி. கேபினெட் வாங்கும்போது முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக, கழற்றிக் கழுவுகிற மாதிரி ஃபில்டரோடு இருக்கட்டும்.

யுபிஎஸ் கண்டிப்பாக வாங்கு. 600 விஏ என்று விற்பது கிட்டத்தட்ட 360 வாட்தான் தாங்கும். இப்போதைக்கு அது போதும், ஆனால் நாளைக்குக் கார்டு போடுகிற எண்ணமிருந்தால் 1000 விஏ எடுத்துவிடு. கரண்ட் போனால் அதில் ஆடுவதற்கில்லை, சேவ் செய்து அணைப்பதற்கு. இதை அவனுக்குச் சொல்லிவிடு, கேட்க மாட்டான்.

வாங்குகிற இடம்: சென்னை ரிச்சி தெருவோ மதுரையோ எதுவாக இருந்தாலும், ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் நம்பர் எழுதி வாங்கு. 'அசெம்பிள்டு பிசி 1' என்று ஒரே வரியில் பில் போட்டால் நாளைக்கு ராம் கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பாய்? அட்டைப் பெட்டிகளையும் தூக்கிப் போடாதே. மதுரையில் வாங்கினால் ராமேஸ்வரம் ரயிலில் கொண்டு வந்துவிடலாம், மானிட்டர் பெட்டியை மட்டும் நிறுத்தியபடி மடிப்பக்கம் வைத்துக்கொள்.

கடைசியாக ஒன்று. இது எல்லாம் 50,000 பக்கம் முடியும், இல்லை கொஞ்சம் கூடும், ராம் விலை எந்த நாளில் எப்படி இருக்கும் என்று எவனாலும் சொல்ல முடியாது. மிச்சம் ஏதாவது நின்றால் ஹெட்செட், கேமிங் நாற்காலி என்று செலவழிக்காமல் அம்மா கையில் கொடு. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கப்போகிறது.

கேள்வி: காக்கா, ஸலாம். நான் கீழக்கரை. எங்க சின்ன மச்சான் துபாயிலிருந்து அடுத்த மாதம் வருகிறார், மகனுக்கு கிராபிக்ஸ் கார்டு கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். அங்கே விலை குறைவாம். வீட்டில் இருப்பது ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், ஐ5 8500.

பதில்: வ அலைக்கும் ஸலாம். விலையைக் கேட்பதற்கு முன்னால் அந்த கார்டுக்கு இந்தியாவில் வாரண்டி உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். பல கார்டுகளுக்கு வாங்கிய நாட்டில்தான் வாரண்டி. கெட்டுப்போனால் திரும்ப ஒரு மச்சான் போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். மிச்சமாகிற காசு மூவாயிரம் நாலாயிரம் என்றால் நான் இங்கேயே வாங்குவேன்.

எப்படியும் கொண்டுவருகிறார் என்றால் உங்களிடம் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பொருந்துவதைச் சொல்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் எஸ்எம்பிஎஸ் சின்னது, கார்டுக்குக் கரண்ட் கொடுக்கிற தனி வயரே அதில் பெரும்பாலும் இருக்காது. அதனால் ஆர்டிஎக்ஸ் 3050, அதிலும் 6 ஜிபி மாடல் என்று சொல்லி அனுப்புங்கள். அது 70 வாட்தான், ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், பெரும்பாலான கம்பெனி கார்டுகளில் தனி வயர் கேட்காது. 8 ஜிபி மாடல் நல்லதுதான், ஆனால் அது தனி வயர் கேட்கும், மாற்றி வாங்கிவிடப்போகிறார். உங்கள் கேபினெட் ஒல்லி ரகமா சாதாரணமா என்று ஸ்கேலை வைத்து அளந்து, உள்ளே திறந்து ஒரு போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒல்லி என்றால் 'லோ புரொஃபைல்' என்று கேட்க வேண்டும்.

மானிட்டரும் கொண்டுவருகிறேன் என்றால், அங்கே சதுர முள் வைத்த மூன்று பின் பிளக், நம் சுவரில் போகாது. வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் பயமில்லை, கேபிளை மட்டும் இங்கே மாற்றிக்கொள்ளலாம். மாட்டியதும் மானிட்டர் கேபிளை கார்டில் செருகுங்கள், பழைய இடத்தில் இல்லை. சிரிக்காதீர்கள், புதுக் கார்டு வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேபிளை போர்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள்தான்.

கேள்வி: தேவிபட்டினத்திலிருந்து ஒரு அம்மா எழுதுகிறேன். மகளுக்கு டெஸ்க்டாப் வேண்டுமாம். லேப்டாப் வாங்கினால் காலேஜுக்கும் ஆகுமே, இரண்டு வேலையும் பார்க்காதா?

பதில்: ஹாஸ்டலுக்குப் போகப்போகிறாள் என்றால் லேப்டாப், பேச்சே இல்லை. வீட்டிலிருந்து போய்வரப்போகிறாள் என்றால் மகள் சொல்வதுதான் சரி. அதே காசுக்கு டெஸ்க்டாப் கூடுதலாக வேலை செய்யும், உப்புக்காற்றில் ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம், லேப்டாப்பில் போர்டு போனால் பாதி விலை போச்சு. மகள் கேட்பதால் சந்தேகப்படாதீர்கள், அக்கா. பையன் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம்.

கேள்வி: மண்டபம். பட்ஜெட் 20,000தான். தெரிந்த ஒருவர் பழைய ஆர்எக்ஸ் 580 கார்டு போட்ட செட் ஒன்றை அந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். மூன்று மாதம் வாய் வாரண்டி.

பதில்: வாய் வாரண்டி காதோடு போகும். அந்த ரக கார்டுகளில் நிறைய, கம்ப்யூட்டரைக் கணக்குப் போடவிட்டு டிஜிட்டல் காசு சம்பாதிக்கிற கிரிப்டோ மைனிங்கில் கிடந்து இரவு பகலாக ஓடியவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற டிஜிட்டல் காசு தன் முறையை மாற்றியதும் இந்த கார்டுகளுக்கு வேலை போய் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன், சிலது இன்னும் மாடு மாதிரி உழைக்கிறது. அவர் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். திரையில் சதுரம் சதுரமாகப் புள்ளி வந்தாலோ, ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். பிராசசர் 8ஆம் ஜெனரேஷனுக்குக் கீழே என்றால் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். 20,000க்கு நான் வாங்குவதாக இருந்தால் மேலே கீழக்கரைக்காரர் வைத்திருக்கிறாரே, அந்த மாதிரி 8500 ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றைப் பில்லோடு வாங்கி, கார்டை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போடுவேன்.

கேள்வி: தொண்டி. புது கம்ப்யூட்டர், போன வாரம்தான் மாட்டினோம். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. மகன் செருப்புப் போட்டுக்கொண்டு ஆடுகிறான். கம்ப்யூட்டர் பழுதா?

பதில்: கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை, வீட்டு எர்த் வேலை செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கேபினெட்டுக்கு வரத்தான் செய்யும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாததால் உங்கள் மகன் வழியாகப் போகிறது. மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றுகிற அடாப்டர் எங்காவது மாட்டியிருந்தால் முதலில் அதைப் பிடுங்கி எறியுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், கடற்கரை வீடுகளில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துத் துண்டாகிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சரி செய்கிற வரைக்கும் கம்ப்யூட்டரைப் போட வேண்டாம், பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். செருப்புப் போட்டாலும் சரி.